ஹிட்ச்காக்கின் மௌனப் படங்கள்: துடைத்தது அதிகமா, பாட்டு தேவையா?

கறுப்புவெள்ளை எழுதியது:

நேற்று ராத்திரி ஹிட்ச்காக்கின் ‘தி லாட்ஜர்’ படத்தை அடுத்தடுத்து இரண்டு தடவை பார்த்தேன். முதலில் என்னிடம் ரொம்ப வருஷமாகக் கிடக்கும் பழைய டிஸ்க். அது முடிந்த கையோடு, பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் 2012-ல் மீட்டெடுத்த பதிப்பு. முதல் ஷாட்டே ஒரு பெண்ணின் அலறும் முகம். பழைய டிஸ்கில் அந்த முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருக்கும். கண்ணும் வாயும் மூன்று கறுப்பு ஓட்டை, அவ்வளவுதான். புதியதில் பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தில் அவள் தலைமுடி இழை இழையாகத் தெரிகிறது. பொன்னிறக் கூந்தல்காரிகளாகத் தேடிப் பிடித்துக் கொல்கிறவனைப் பற்றிய கதை இது. அந்த முடி தெரியாவிட்டால் அந்த ஷாட் எதற்கு? இத்தனை வருஷம் நான் இந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை என்றுதான் தோன்றியது.

விவரம் தெரியாதவர்களுக்காக: 1925 முதல் 1929 வரை ஹிட்ச்காக் இயக்கி முடித்த மௌனப் படங்கள் பத்து. அதில் ஒன்பது மிஞ்சியிருக்கின்றன. 2010-ல் இன்ஸ்டிட்யூட் பொதுமக்களிடமும் அறக்கட்டளைகளிடமும் பணம் திரட்ட ஆரம்பித்து, ஒன்பதையும் மீட்டெடுத்து, 2012 லண்டன் ஒலிம்பிக்ஸை ஒட்டி நடந்த கலைவிழாவில் நேரடி இசையோடு திரையிட்டார்கள். அடுத்த வருஷம் இந்த ஒன்பதும் யுனெஸ்கோவின் ‘உலக நினைவு’ திட்டத்தில் பிரிட்டனின் பதிவேட்டில் சேர்ந்தன.

எனக்கு இரண்டு கேள்வி. ஒன்று, இவ்வளவு துடைத்த பிறகு இது 1926-ல் எடுத்த படமா, 2012-ல் செய்த படமா? இரண்டு, ‘லாட்ஜர்’ படத்துக்கு நிதின் சாஹ்னி போட்ட புது இசை. அதில் வார்த்தைகளோடு பாட்டு வருகிறது. மௌனப் படத்தில் யாரோ பாடுகிறார்கள்! அங்கே நான் படத்தை விட்டு வெளியே வந்துவிட்டேன். உங்களுக்கு எப்படி இருந்தது?

மூணாம்_ரீல் எழுதியது:

தம்பி, நான் முப்பத்தோரு வருஷம் தியேட்டர்ல படம் ஓட்டுற ஆபரேட்டரா இருந்தவன். திருநெல்வேலிப் பக்கம். ஹிட்ச்காக் படம் ஓட்டினது ரெண்டே ரெண்டு, அதுவும் பேசுற படம். ஆனா நீங்க சொல்ற அந்தச் சுண்ணாம்புச் சுவரை நான் தினமும் பார்த்திருக்கேன். அது ஒரிஜினல்லயே அப்படி இல்ல. பிரிண்டுல இருந்து டூப் நெகட்டிவ், அதாவது நகல் நெகட்டிவ், அதுல இருந்து இன்னொரு பிரிண்ட், அதுல இருந்து மறுபடி டூப். ஒவ்வொரு தலைமுறைக்கும் வெள்ளை இன்னும் வெள்ளையாவும் கறுப்பு இன்னும் கறுப்பாவும் போகும். நடுவுல இருக்குற சாம்பல் எல்லாம் செத்துப் போகும். முகம்னா அந்தச் சாம்பல்தானே.

இன்னொண்ணும் சொல்றேன். படம் எங்க முதல்ல சாகும் தெரியுமா? ரீலோட தலையிலயும் வாலுலயும். அறுந்தா ரெண்டு ஃபிரேமை வெட்டி சிமென்ட் வச்சு ஒட்டுவோம். மறுபடி அறுந்தா மறுபடி ரெண்டு. நூறு ஊரு சுத்தி வந்த பெட்டியில ரீல் மாறுற இடத்துல ஆளு கதவைத் திறப்பான், அடுத்த நொடி நாற்காலியில உக்காந்திருப்பான். ஜனங்க டைரக்டரைத் திட்டுவாங்க. வெட்டினது நாங்க. இந்த ஒன்பது படத்துக்கும் அந்தப் போன ஃபிரேம் எல்லாம் எங்க இருந்து கிடைச்சுது? அதைச் சொல்லுங்க முதல்ல.

ஃபிரேம்_கூலி எழுதியது:

மூணாம்_ரீல் ஐயா கேட்டதுக்கு நான் சொல்றேன். சென்னையில டிஜிட்டல் கிளீனப் வேலை பண்றேன், ஏழு வருஷமா. ஒரு ஃபிரேம்ல இருக்கற தூசியைத் தேடித் தேடி எடுக்கறதுதான் பொழப்பு.

விடை ஒரே வரிதான்: மத்த பிரிண்ட்ல இருந்து. ஒவ்வொரு படத்துக்கும் கதை வேற. ‘தி ரிங்’, ‘பிளாக்மெயில்’ மாதிரி சிலதுக்கு ஒரிஜினல் நெகட்டிவே இன்ஸ்டிட்யூட் கிட்ட இருந்துது. ‘லாட்ஜர்’க்கு நெகட்டிவ் கிடையாது, சட்டுனு தீப்பிடிக்கற அந்தக் கால நைட்ரேட் ஃபிலிம் பிரிண்டுகள்தான். ‘ஈஸி வர்ச்யூ’ நிலைமை ரொம்ப மோசம். 35 எம்எம்ல எதுவுமே மிஞ்சல. வீட்டுல போட்டுப் பார்க்கற மாதிரி சின்னதாக்கின 16 எம்எம் பிரிண்டுகள் மட்டும்தான், அதுலயும் படம் முழுசா இல்ல. அதை எவ்வளவு திறமையா பண்ணாலும் மத்த எட்டு மாதிரி வராது. வரலன்னு குறை சொல்லவும் கூடாது.

பெரிய வேலை நடந்தது அவரோட முதல் படமான ‘தி பிளஷர் கார்டன்’ல. பல நாட்டு ஆவணக் காப்பகங்கள்ல இருந்து பிரிண்டுகளை வரவழைச்சு, ஷாட் ஷாட்டா பக்கத்துல வச்சு ஒப்பிட்டாங்க. எதுல எந்த ஷாட் நீளமா இருக்கு, எதுல கலர் இருக்கு, எதுல வசனம் காட்டற டைட்டில் கார்டு ஒரிஜினல்னு. கடைசியில சுமார் இருபது நிமிஷம் கூடுதலா சேர்ந்துது. இருபது நிமிஷம்னா ரெண்டு பாட்டு அளவு இல்ல சார், ஒரு ஒன்றரை ரீல்! அத்தனை வருஷமா எல்லாரும் பார்த்து “சுமாரான முதல் படம்”னு எழுதினது குறைப் படத்தைப் பார்த்து.

கறுப்புவெள்ளை, “துடைத்தது அதிகமா”ங்கறதுக்கு வரேன். கணக்கு போட்டுப் பாருங்க. 90 நிமிஷப் படம், நொடிக்கு 20 ஃபிரேம்னா 1,08,000 ஃபிரேம். அதுல ஒவ்வொண்ணுலயும் கீறல், புள்ளி, நீர்க்கறை. மெஷினை மட்டும் நம்பி ஒரு பட்டனை அழுத்தினா என்ன ஆகும்னு நான் சொல்றேன். மழையில நடக்கற காட்சியில மழையைத் தூசின்னு நினைச்சு அழிச்சிடும். வேகமா பறக்கற பந்தை அழிச்சிடும். பனிமூட்டத்துல நடக்கற ‘லாட்ஜர்’ மாதிரி படத்துல மூட்டத்தையே வழிச்சு எடுத்துடும். அதனால ஆள் உக்காந்து பார்த்தே ஆகணும்.

எனக்கு ஒரு தடவை நடந்தது. பேர் வேண்டாம், ஒரு பழைய தமிழ்ப் படம். “புதுப் படம் மாதிரி பளபளன்னு இருக்கணும்”னாங்க. கிரெயின், அதான் ஃபிலிம்லயே இருக்கற பொடிப்பொடித் துகள், அதை முழுசும் எடுக்கச் சொன்னாங்க. எடுத்தேன். கதாநாயகியோட கன்னம் மெழுகு பொம்மை மாதிரி ஆச்சு, புடவையில நெசவு போச்சு. நான் மாட்டேன்னு சொல்லியிருக்கணும், சொல்லல. அந்தப் படம் இப்ப அப்படியேதான் ஓடுது. அதை நினைச்சா எனக்கு இன்னும் வயிறு எரியும். ‘லாட்ஜர்’ல கிரெயின் இருக்கு, நல்லா கிட்ட போய்ப் பாருங்க. அவங்க மேல எனக்கு நம்பிக்கை வந்தது அதனாலதான்.

மூணாம்_ரீல் எழுதியது:

> மழையைத் தூசின்னு நினைச்சு அழிச்சிடும்

கீறல் விழுந்த பிரிண்டை நாங்களே “படத்துல மழை பெய்யுது”ன்னுதான் சொல்லுவோம். மெஷினும் அதையேதான் நெனைக்குது போல.

கறுப்புவெள்ளை எழுதியது:

ஃபிரேம்_கூலி, அந்தக் கடைசிப் பத்தியை எழுதியதற்கு நன்றி. கீறலைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். பழைய டிஸ்கில் நெட்டுக்குத்தாகக் கோடு கோடாக இருந்த இடங்கள் புதியதில் சுத்தமாக இருக்கின்றன. கோட்டுக்குக் கீழே இருந்த படத்தை எப்படிக் கொண்டு வருகிறார்கள்? கற்பனையா?

ஃபிரேம்_கூலி எழுதியது:

பாதி இடத்துல கற்பனையே வேண்டாம். ஃபிலிமுக்கு ரெண்டு பக்கம். ஒரு பக்கம் பிம்பம் இருக்கற எமல்ஷன், மறுபக்கம் வெறும் பிளாஸ்டிக். பிளாஸ்டிக் பக்கம் கீறல் விழுந்தா படத்துக்கு ஒண்ணும் ஆகல, வெளிச்சம் மட்டும் சிதறுது. ஃபிலிமை அதோட ஒளிவிலகல் எண்ணுக்குப் பொருந்தற ஒரு திரவத்துல நனைச்சு ஸ்கேன் பண்ணா, திரவம் அந்தப் பள்ளத்தை நிரப்பிடும், கீறலே காணாமப் போயிடும். கீறல் விழுந்த மூக்குக்கண்ணாடியில எண்ணெய் தடவினா கொஞ்ச நேரம் தெளிவாத் தெரியுமே, அதே சங்கதி. எமல்ஷன் பக்கம் கீறினாத்தான் நிஜமா பிம்பம் போச்சு. அப்ப முந்தின ஃபிரேம்ல இருந்தோ, இன்னொரு பிரிண்ட்ல இருந்தோ எடுத்து வைக்கணும்.

வன்னிக்குருவி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் லண்டனில இருக்கிறன். 2012 ஜூலையில ‘பிளாக்மெயில்’ படத்தை பிரிட்டிஷ் மியூசியம் முற்றத்தில போட்டவை. நான் போனனான். அதைப் பற்றி இங்க எழுதவேணும் எண்டு கனநாளா நினைச்சிருந்தனான்.

கதை தெரியாத ஆக்களுக்கு: ஒரு பெட்டிக்கடைக்காரரின்ர மகள், தன்னைக் கெடுக்க வந்தவனைக் கத்தியால குத்திப்போடுறாள். அவளின்ர காதலன் ஸ்காட்லாந்து யார்டில பொலிஸ். உண்மையைத் தெரிஞ்ச ஒருத்தன் வந்து மிரட்டுறான். கடைசியில பொலிஸ் அவனைத் துரத்த, அவன் ஓடி ஒளியிற இடம் பிரிட்டிஷ் மியூசியம். அந்த வட்டக் கூரையில ஏறி விழுந்து சாகிறான்.

இப்ப யோசிச்சுப் பாருங்கோ. திரையில அவன் அந்தப் பெரிய தூண்களுக்கு நடுவில ஓடி உள்ள போறான். திரைக்குப் பின்னால அதே தூண்கள் நிஜமாய் நிக்குது. எனக்குப் பக்கத்தில இருந்த அம்மா திரையைப் பாக்கிறதை விட்டுட்டு நிமிந்து மியூசியத்தின்ர கூரையைப் பாத்தவ. நானும் பாத்தனான். நீல் பிராண்ட் எழுதின இசையை முழு ஓர்கெஸ்ட்ரா வாசிச்சது. அந்த இசை 2008-ல இத்தாலியின்ர பொலோஞ்ஞா திரைப்படக் காப்பகத்துக்காக எழுதினது.

பிறகு வீட்டை வந்து வாசிச்சாப் பிறகுதான் தெரிஞ்சது, மியூசியத்துக்கு உள்ள நடக்கிற காட்சிகள் மியூசியத்தில எடுத்ததே இல்லை! உள்ள வெளிச்சம் காணாது. அதனால கமெராவின்ர லென்ஸை அரை மணித்தியாலம் திறந்துவைச்சு அந்த மண்டபங்களை நிழற்படம் பிடிச்சு, கமெராவுக்கு முன்னால சாய்வா ஒரு கண்ணாடி வைச்சு, நடிகர் நிக்கிற இடத்தில மட்டும் அந்தக் கண்ணாடியின்ர ரசத்தைச் சுரண்டிவிட்டவை. ரசம் இருக்கிற இடத்தில மண்டபத்தின்ர படம் தெரியும், சுரண்டின இடத்துக்குள்ளால நிஜ நடிகர் தெரிவார். ஜெர்மன்காரர் ஷுஃப்டான் கண்டுபிடிச்ச முறை. தயாரிப்பாளர்களுக்குச் சொல்லாமலே செய்தவர் ஹிட்ச்காக். அந்த ராத்திரி நாங்கள் நிஜ மியூசியத்துக்கு முன்னால இருந்து, கண்ணாடியில செய்த மியூசியத்தைப் பாத்திருக்கிறம்.

இதைச் சொல்ல வந்த காரணம், ‘பிளாக்மெயில்’ பேசும் படமாயும் வந்தது, மௌனப் படமாயும் வந்தது, ரெண்டும் 1929. ஒலி வசதி இல்லாத தியேட்டர்களுக்கு மௌனப் பதிப்பு. பேசும் பதிப்பைத்தான் எல்லாரும் கதைப்பினம். அதில கதாநாயகி அன்னி ஒன்ட்ராவுக்கு செக் உச்சரிப்பு எண்டபடியால் ஜோன் பரி எண்ட நடிகை கமெராவுக்கு வெளியில நிண்டு வசனம் பேச, இவ வாயை அசைச்சவ. மௌனப் பதிப்பில அந்தத் தடை இல்லை. ஒன்ட்ராவின்ர முகம் அவவின்ர முகமாவே இருக்குது. எனக்கு மௌனப் பதிப்புத்தான் பிடிச்சது.

வலந்தலை எழுதியது:

மிருதங்கம் வாசிக்கிறவன். கறுப்புவெள்ளை கேட்ட இரண்டாவது கேள்விக்கு மட்டும் வருகிறேன்.

பாட்டு கூடாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. புது இசை போடுவதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது. அந்தக் காலத்திலும் ஒரே படத்துக்கு ஊருக்கு ஊர் வேறு வேறு இசைதான். ஒரு தியேட்டரில் பியானோ மட்டும், இன்னொன்றில் இருபது பேர். ஆனால் பாட்டில் வார்த்தை வந்தால் காது அர்த்தத்தைத் தேடிப் போகும். கண் தனியாக நிற்கும். ‘லாட்ஜர்’ படத்திலேயே எழுத்து அட்டைகளைக் குறைக்க எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள் தெரியுமா? முதலில் படத்தைப் பார்த்த விநியோகஸ்தர் வெளியிடவே மறுத்துவிட்டார். தயாரிப்பாளர் மைக்கேல் பால்கன், ஐவர் மான்டேகு என்ற இளைஞரை அழைத்து வந்தார். அவர் செய்த பெரிய வேலை, முந்நூறுக்கு மேல் இருந்த அட்டைகளை எண்பது சொச்சமாகக் குறைத்தது. வார்த்தையை வெளியே தள்ளியதால் நின்ற படம் அது. அதற்குள் பாட்டை வைத்து வார்த்தையை மறுபடி உள்ளே கொண்டு வருவதா?

வன்னிக்குருவி எழுதியது:

வலந்தலை அண்ணா, நீங்கள் சொல்லுறது விளங்குது. ஆனால் அந்த 2012 கோடையில அவை ஒரே மாதிரி இசையைத் தேடிப் போகேல்லை. ‘தி ரிங்’ குத்துச்சண்டைப் படத்துக்கு சொவேட்டோ கிஞ்ச் எண்ட ஜாஸ் கலைஞர், ஹக்னி எம்பயர் அரங்கில. ‘பிளஷர் கார்டன்’ படத்துக்கு டானியல் பற்றிக் கோஹன் எண்ட இளம் இசையமைப்பாளர், வில்ரன்ஸ் மியூசிக் ஹோலில. நாட்டியக்காரிகளைப் பற்றிய படத்தைப் பழைய ஆட்ட அரங்கில போடுறது எவ்வளவு வடிவு! ‘லாட்ஜர்’ பார்பிக்கன் அரங்கில, லண்டன் சிம்பனி இசைக்குழு வாசிச்சது. இளம் ஆக்கள் வந்தவை. இசைக்காக வந்து படத்தில விழுந்தவையும் இருப்பினம் தானே. பாட்டு எனக்கும் உறுத்தினதுதான், ஒளிக்கேல்லை. ஆனால் அந்த ஆக்களை வரவழைச்ச துணிவை நான் குறை சொல்லமாட்டன்.

வலந்தலை எழுதியது:

ஆட்கள் வந்தார்கள் என்பதை மறுக்கவில்லை. வந்தவர்களுக்குப் படத்தைக் காட்ட வேண்டும் என்கிறேன்.

புதுசா_வந்தவள் எழுதியது:

எல்லாரும் ரொம்ப விவரமா பேசறீங்க. நான் காலேஜ் ரெண்டாம் வருஷம், விஷுவல் கம்யூனிகேஷன். ரெண்டு சந்தேகம் இருக்கு, சின்னப்புள்ளத்தனமா இருந்தா மன்னிச்சிடுங்க.

ஒண்ணு, பத்துல ஒன்பது இருக்குன்னு சொன்னீங்க. பத்தாவது எங்க போச்சு? ரெண்டு, நான் யூடியூப்ல பார்த்த ஊமைப்படம் எல்லாத்துலயும் ஆளுங்க குடுகுடுன்னு ஓடறாங்க. அந்தக் காலத்துல அப்படித்தான் எடுத்தாங்களா?

கறுப்புவெள்ளை எழுதியது:

இரண்டுமே நல்ல கேள்வி. முதலாவதை நான் எடுத்துக்கொள்கிறேன், வேகத்தை ஐயாவிடம் விடுகிறேன்.

பத்தாவது ‘தி மவுண்டன் ஈகிள்’, அவருடைய இரண்டாவது படம், 1926. ஆல்ப்ஸ் மலைப் பக்கம் போய் வெளிப்புறக் காட்சிகள் எடுத்தார்கள். இன்றைக்கு மிஞ்சியிருப்பது சில நிழற்படங்கள் மட்டும். பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டின் ‘தேடப்படும் 75 படங்கள்’ பட்டியலில் இருக்கிறது. ஹிட்ச்காக்குக்கே அந்தப் படம் பிடிக்காது. ரொம்ப மோசமான படம் என்று பிற்பாடு பிரெஞ்சு இயக்குநர் த்ருஃபோவிடம் சொல்லியிருக்கிறார். எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மோசமான படமாக இருந்தாலும் அதைப் பார்க்க வேண்டும். ‘பிளஷர் கார்டன்’ எடுத்தவர் ஒரே வருஷத்தில் ‘லாட்ஜர்’ எடுக்கிறார். நடுவில் என்ன கற்றுக்கொண்டார் என்று சொல்ல இருந்த ஒரே சாட்சி அது.

நம்பிக்கை போய்விடவில்லை. 2011-ல் நியூசிலாந்து காப்பகத்தில் ‘தி ஒயிட் ஷேடோ’ என்ற 1924 படத்தின் முதல் மூன்று ரீல்கள் கிடைத்தன. கிரஹாம் கட்ஸ் இயக்கியது. ஹிட்ச்காக் அதில் உதவி இயக்குநர், கதை, எடிட்டிங், அரங்க அமைப்பு எல்லாம். ஆறு ரீல் படத்தில் பாதி. ஏன் நியூசிலாந்து? ஒரு பிரிண்ட் ஊர் ஊராகப் போய்ப் போய் உலகத்தின் கடைசி முனையில் ஓடி முடிந்ததும், அதைத் திருப்பி அனுப்பும் கப்பல் கூலி படத்தின் மதிப்பைவிட அதிகம். அங்கேயே விட்டுவிடுவார்கள். அங்கே ஒரு புரொஜெக்ஷனிஸ்ட் அவற்றைத் தன் சேகரிப்பில் வைத்துக் காப்பாற்றினார். அதனால்தான் கிடைத்தது.

ஒரு சின்ன வேண்டுகோள், தங்கச்சி. ‘ஊமைப்படம்’ என்று நாம் எல்லோரும் சொல்லிப் பழகிவிட்டோம். மௌனப்படம் என்று சொல்லிப் பாருங்கள். ஊமை என்றால் பேச முடியாதது. இவை அப்படி இல்லை.

மூணாம்_ரீல் எழுதியது:

அம்மாடி, குடுகுடுன்னு அவங்க ஓடல, நாம ஓட்டுறோம். அப்ப கேமராவைக் கையால சுத்தி எடுத்தாங்க. நொடிக்கு பதினாறு, பதினெட்டு, இருபதுன்னு படத்துக்குப் படம் மாறும். சத்தம் வந்தப்புறம்தான் இருபத்திநாலுன்னு நிலைச்சுது, ஏன்னா சத்தத்தோட வேகம் மாறினா குரல் கெட்டுப்போகும். இருபதுல எடுத்ததை இருபத்திநாலுல ஓட்டினா தொண்ணூறு நிமிஷப் படம் எழுபத்தஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிரும். பொணத்தைத் தூக்கிட்டுப் போறவன் கூட பஸ்ஸைப் பிடிக்க ஓடுற மாதிரி இருக்கும். அதைப் பார்த்து ஜனங்க சிரிச்சா, அந்தச் சிரிப்பு எங்க மேல விழ வேண்டியது.

ஃபிரேம்_கூலி எழுதியது:

டிஜிட்டல் தியேட்டர் மெஷின் பெரும்பாலும் 24-லதான் ஓடும். அதனால 20-ல எடுத்த படத்துக்கு அஞ்சு ஃபிரேமுக்கு ஒரு தடவை ஒரு ஃபிரேமை ரெண்டு முறை காட்டுவாங்க. 5 வந்து 6 ஆகும், 20 வந்து 24 ஆகும். வேகம் சரியா இருக்கும், மெல்ல நகர்ற ஷாட்ல மட்டும் ஒரு சின்னத் தட்டல் தெரியும்.

கலரைப் பத்தி யாருமே பேசலையே! கறுப்புவெள்ளைன்னு பேர் வச்சுக்கிட்டு அவரும் விட்டுட்டாரு. ‘லாட்ஜர்’ கறுப்பு வெள்ளைப் படமே இல்ல. ஃபிலிமைச் சாயத்துல முக்கி எடுத்தா வெளிச்சமான பகுதி கலர் ஆகும், அது டின்ட். பிம்பத்துல இருக்கற வெள்ளியையே ரசாயனத்தால மாத்தினா இருட்டான பகுதி கலர் ஆகும், அது டோன். ‘லாட்ஜர்’ல ராத்திரித் தெருக் காட்சிகளுக்கு ரெண்டையும் பண்ணியிருக்காங்க. நிழல் எல்லாம் நீலம், மூட்டத்துல கரையற வெளிச்சம் எல்லாம் மஞ்சள். இதைக் கறுப்புவெள்ளையில பார்த்தா மூட்டம் வெறும் புகை. கலரோட பார்த்தா குளிருது. ‘டவுன்ஹில்’ படத்துல நாயகன் காய்ச்சல்ல பிதற்றற இடத்துக்கு ஒரு வியாதிப் பச்சை கொடுத்திருக்காங்க, அதையும் பாருங்க.

கறுப்புவெள்ளை எழுதியது:

பெயரை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான் போல!

என் முதல் கேள்வியையே நான் தவறாகக் கேட்டுவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. 1926-ன் படமா, 2012-ன் படமா என்று கேட்டேன். 1926-லேயே அது ஒரே படமாக இல்லை. வலந்தலை சொன்ன மாதிரி வெளியாகும் முன்பே வெட்டி ஒட்டப்பட்டிருக்கிறது. அதைவிடக் குழப்பம் ‘ஷாம்பெயின்’. அதற்கு மிஞ்சியிருக்கும் ஒரே ஒரிஜினல் நெகட்டிவை எடுத்து ஆராய்ந்தபோது, அது நல்ல டேக்குகளால் ஆனது இல்லை என்று தெரிய வந்தது. இரண்டாம் பட்சமான டேக்குகளை வைத்து, முதல் நெகட்டிவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் உதவட்டும் என்று தயாரித்த மாற்று நெகட்டிவ். முதல் நெகட்டிவ் இல்லை. ஆக 1928-ல் ஜனங்கள் பார்த்த ‘ஷாம்பெயின்’ நமக்குக் கிடைக்காது. ஹிட்ச்காக் “இது வேண்டாம்” என்று ஒதுக்கிய சிரிப்பையும் திரும்பலையும்தான் நாம் பார்க்கிறோம். மீட்டெடுத்தவர்கள் அதை மறைக்காமல் சொன்னார்கள். அந்த நேர்மைதான் எனக்கு முக்கியம்.

புதுசா_வந்தவள் எழுதியது:

நம்ம தமிழ் மௌனப்படங்களை யாராவது இப்படி மீட்டெடுத்திருக்காங்களா?

மூணாம்_ரீல் எழுதியது:

மீட்டெடுக்க என்னம்மா இருக்கு? நடராஜ முதலியார் மெட்ராஸ்ல எடுத்த ‘கீசக வதம்’தான் தென்னிந்தியாவோட முதல் கதைப்படம். ஒரு ரீல் இல்ல. முதல் தமிழ்ப் பேசும் படம் ‘காளிதாஸ்’, 1931. அதுவும் இல்ல. இந்தியா முழுக்க எடுத்த மௌனப்படம் சுமார் 1,300. மிஞ்சினது முப்பதுக்கும் குறைவு, அதுலயும் பாதி துண்டு துண்டா.

ஒண்ணு மட்டும் எங்க பக்கத்துக் கதை. நாகர்கோவில் சுந்தரராஜ் தயாரிச்ச ‘மார்த்தாண்ட வர்மா’, 1933. சி.வி. ராமன் பிள்ளை நாவலை எடுத்துட்டாங்கன்னு பதிப்பகத்தார் கேஸ் போட்டாங்க, படத்தை நிறுத்தி பிரிண்டைப் பறிமுதல் பண்ணிட்டாங்க. படம் போட்டவருக்கு நஷ்டம். ஆனா அந்தப் பெட்டி ஊர் சுத்தல, அறுபடல, வெட்டுப்படல. 1974-ல புனே தேசியத் திரைப்படக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்துது. ஓடாததால பொழைச்ச படம்.

ஓடின படத்துக்கு என்ன ஆச்சுன்னு நான் பார்த்தேன். நான் வேலை பார்த்த ஒரு தியேட்டர்ல பின்பக்கம் ஒரு ரூம் முழுக்கப் பழைய பெட்டி. ஒரு நாள் எடைக்குப் போட்டாங்க. வெள்ளி எடுக்கிறவன் வந்து சாக்குல கட்டிட்டுப் போனான். நான் ஏத்திவிட்டேன். ஒரு ரீலை மட்டும் விரிச்சு வெயில்ல பிடிச்சுப் பார்த்தேன், ஒரு அம்மா கிணத்தடியில குடத்தோட நிக்கிறா. என்ன படம்னு தெரியல. அதையும் போட்டுட்டேன். இப்ப நீங்க ஒரு ஃபிரேமுக்கு இவ்வளவு பேசுறதைப் படிக்கிறப்ப அந்தக் குடம் கண்ணு முன்னால நிக்குது.

ஃபிரேம்_கூலி எழுதியது:

ஐயா, அன்னிக்கு யாரும் உங்களுக்குச் சொல்லித் தரல. 2017-ல ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் சென்னையில ஒரு வாரம் ஃபிலிம் பாதுகாப்புப் பயிற்சி நடத்தினப்பதான் எனக்கே நைட்ரேட்டைக் கையில எப்படித் தொடணும்னு தெரிஞ்சுது. அதை ஆரம்பிச்ச சிவேந்திர சிங் துங்கர்பூர், ‘லாட்ஜர்’ மீட்டெடுப்புக்குக் கூடுதல் நிதி கொடுத்தவங்கள்ல ஒருத்தர். படத்தோட தொடக்கத்துல பேர் வரும்.

வலந்தலை எழுதியது:

இரண்டு நாளாக இந்த இழையைப் படித்துவிட்டு, நேற்று ஒரு காரியம் செய்தேன். கறுப்புவெள்ளையிடமிருந்து இரண்டு டிஸ்க்கையும் வாங்கி, சத்தத்தை முழுதாக அணைத்துவிட்டு, மிருதங்கத்தோடு உட்கார்ந்தேன்.

‘லாட்ஜர்’ படத்தில் ஒரு இடம் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். மாடியில் குடிவந்தவன் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறான். கீழே வீட்டுக்காரர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். கூரையில் தொங்கும் விளக்கு ஆடுகிறது. அப்புறம் கூரையே கண்ணாடி ஆகிவிடுகிறது, அவன் பாதம் நமக்குக் கீழிருந்து தெரிகிறது. கனத்த கண்ணாடித் தளம் போட்டு அடியிலிருந்து எடுத்த ஷாட். காலடிச் சத்தத்தைக் கண்ணால் கேட்க வைப்பதற்காக.

பழைய டிஸ்க் வேகமாக ஓடுகிறது. அதற்கு வாசித்தபோது கை தானாகவே துரித காலத்துக்குப் போனது. அவசரமாக எங்கோ கிளம்புகிறவன் நடை. புதியதற்கு வாசித்தேன். மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலைக்கு அங்கே வேலையே இல்லை. இடப்பக்கமான தொப்பியில் மட்டும் ‘கும்’ என்று ஆழ்ந்து ஒலிக்கும் ஒரு கும்காரம், பிறகு விளக்கு ஆடி முடிக்கும்வரை சும்மா இருப்பது, பிறகு இன்னொன்று. அவன் அவசரப்படவில்லை, எதையோ நினைத்து நினைத்து நடக்கிறான். அதே காட்சிதான், காலப்பிரமாணம் மாறியதும் ஆளே வேறு. ஐயா சொன்ன இருபதும் இருபத்திநாலும் எனக்கு விரலில்தான் புரிந்தது.

பாட்டு கூடாது என்பதில் நான் மாறவில்லை. ஆனால் வெறும் இடக்கையாலேயே அந்தப் படம் முழுவதற்கும் வாசிக்க முடியுமா என்று பார்க்க ஆசை வந்திருக்கிறது. கறுப்புவெள்ளை வீட்டு மாடியில் வருகிற ஞாயிறு சாயந்திரம். வெள்ளை வேட்டிதான் திரை.

மூணாம்_ரீல் எழுதியது:

சனிக்கிழமை ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ்ல ஏறிட்டா காலையில எழும்பூர். வேட்டியில மடிப்பு இருந்தா ஓரத்துல படம் நெளியும். முந்தின நாளே நனைச்சு, இழுத்துக் கட்டிக் காய வையுங்க. புரொஜெக்டரை நான் வந்து வைக்கிறேன், யாரும் தொட வேண்டாம்.

புதுசா_வந்தவள் எழுதியது:

நானும் வரலாமா? அட்ரஸ் தனிச்செய்தியில அனுப்புங்க அண்ணா. இஸ்திரிப் பெட்டி நான் கொண்டு வரேன்.